எதிரில் வந்தவர்கள் பதினான்கு பேர்

எழில் கல்லூரியில் என்ன பாடம் நடத்துகிறாள் என்பதை அவளுடைய அண்ணன் முருகவேல் திருவண்ணாமலை பேருந்து நிலையத்தில் குறைந்தது நாற்பது பேருக்காவது விளக்கியிருப்பான். தனியார் பஸ்களுக்கு அவன் டைம் கீப்பர். எந்த வண்டி எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை மணிக்குக் கிளம்பியது என்று எழுதுவது வேலை. இரண்டு வண்டிகளுக்கு நடுவே நேரம் கிடைத்தால் பேச்சு தங்கையைப் பற்றித்தான் போகும்.

"உன் தங்கச்சி காலேஜ்ல என்னா சொல்லித் தருது?" என்று ஒரு கண்டக்டர் கேட்டார்.

"மானிடப் புவியியல்."

"அப்படின்னா?"

"மனுஷன் எங்க இருக்கான், ஏன் அங்க இருக்கான், ஏன் அங்கேர்ந்து கிளம்பறான். அது."

"இதுக்கா காலேஜ் கட்டி வெச்சிருக்காங்க? காலைல ஆறு இருபது வண்டில ஏறிப் பாக்கச் சொல்லு. எல்லாம் தெரிஞ்சுபூடும்."

"கிளம்பறது தெரியும். ஏன் கிளம்பறான்னு தெரியுமா?"

கண்டக்டர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "சம்பளத்துக்கு" என்றார்.

"பாதிப் பாடம் அதான்" என்று முருகவேல் ஒப்புக்கொண்டான்.

மீதிப் பாதியை எழில் ஆறு வருடங்களாக முதலாமாண்டு மாணவர்களுக்கு நடத்திவருகிறாள். ஊர் எல்லையில் இருக்கும் ஒரு கல்லூரியில் அவள் கௌரவ விரிவுரையாளர். வருடத்தில் பதினோரு மாதம் வேலை. பன்னிரண்டாவது மாதம் அடுத்த வருடம் கூப்பிடுவார்களா என்று காத்திருப்பது. வயது முப்பத்திரண்டு. உயரம் ஐந்தடி ஒன்று என்பதால் கரும்பலகையின் மேல் கால்பகுதி ஆறு வருடமாகச் சுத்தமாக இருக்கிறது.

அவர்களுடைய அப்பா கீழ்பென்னாத்தூர் பக்கத்துக் கிராமத்திலிருந்து திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்காலுக்குக் குடிவந்தவர். ஓர் அரசு அலுவலகத்தில் காவலாளி வேலை கிடைத்தது. இடப்பெயர்வு பற்றிய முதல் வகுப்பில் எழில் ஒவ்வொரு வருடமும் இதையே உதாரணமாகச் சொல்வாள். ஈர்க்கும் காரணிகள்: மாதச் சம்பளம், ஓய்வூதியம். தள்ளும் காரணிகள்: கிணறு வற்றியது, பெரியப்பாவோடு பேச்சுவார்த்தை நின்றது. இரண்டாவதைப் பாடப்புத்தகத்தில் எங்கே போடுவது என்று ஒரு மாணவி கேட்டபோது, "சமூகக் காரணி" என்று பதில் சொல்லிவிட்டு அடுத்த தலைப்புக்குப் போனாள்.

அவள் புவியியலுக்கு வந்ததற்கும் காரணி உண்டு. கணிதம் படிக்கத்தான் விண்ணப்பித்தாள். கலந்தாய்வு நாளன்று காலை பதினொன்று நாற்பதுக்குக் கணித இடங்கள் முடிந்துவிட்டன. வரலாறு இருக்கிறது, புவியியல் இருக்கிறது என்றார்கள். வரலாற்று மேசை முன் எட்டுப் பேர் நின்றார்கள். புவியியல் மேசை முன் யாரும் இல்லை. மூன்று மணி பஸ்ஸைப் பிடிக்கவேண்டியிருந்தது. அப்படித்தான் சேர்ந்தாள். முதல் மாதத்தில் நிலவரைபடம் வரையக் கற்றுக்கொடுத்தார்கள். வேங்கிக்கால் தெருக்களை அளந்து வரைந்தாள். தங்கள் வீட்டை வரைபடத்தில் வைத்துப் பார்த்தபோது, பத்து வருடமாகத் தான் பள்ளிக்குப் போன வழியைவிட நூற்று அறுபது மீட்டர் குறைவான வழி ஒன்று இருந்தது தெரிந்தது. அன்றைக்குப் பிறகு அவள் கணிதத்தைப் பற்றிப் பேசவில்லை. முதுகலையைச் சென்னையில் முடித்தாள். தகுதித் தேர்வில் இரண்டாம் முறை தேர்ச்சி பெற்றாள். அவளுடைய சான்றிதழ்கள் பத்தாவது வரை படித்த முருகவேலிடம் ஒரு பிளாஸ்டிக் கோப்பில் தேதிவாரியாக இருக்கின்றன. யார் கேட்டாலும் காட்டுவான். கேட்காதவர்களுக்கும் காட்டியிருக்கிறான்.

இந்த வருடம் முதலாமாண்டில் இருபத்து மூன்று பேர் சேர்ந்தார்கள். அவர்களில் பதினேழு பேர் வேறு பாடம் கேட்டுக் கிடைக்காமல் வந்தவர்கள். எழில் முதல் நாளே ஒவ்வொருவரையும் கேட்டு எழுதிவைத்துக்கொண்டதால் எண்ணிக்கை துல்லியமானது. அவளும் அப்படி வந்தவள்தான் என்பதால் அவளுக்கு அதில் வருத்தம் இல்லை. வருத்தம் வேறு இடத்திலிருந்து வந்தது.

ஜூலை இரண்டாம் வாரம் துறைத் தலைவர் இளஞ்செழியன் அவளைக் கூப்பிட்டார். நல்ல மனிதர். கெட்ட செய்தி சொல்லும்முன் மின்விசிறியின் வேகத்தைக் கூட்டுவார். அன்றைக்கு ஐந்தில் வைத்தார்.

"உக்காருமா. எத்தனை பேரு இருக்காங்க உன் கிளாஸ்ல?"

"இருபத்து மூணு சார்."

"ஆகஸ்ட் கடைசி வெள்ளிக்கிழமை வரைக்கும் பசங்க துறை மாறிக்கலாம். அன்னைக்குச் சாயங்காலம் இருபதுக்குக் கம்மியா போச்சுன்னா, அடுத்த வருஷம் இந்தப் பிரிவுக்கு அட்மிஷன் கிடையாதுன்னு மேலேர்ந்து சொல்லிட்டாங்க."

"அப்ப நான்?"

இளஞ்செழியன் மின்விசிறியைப் பார்த்தார். அது ஏற்கெனவே ஐந்தில்தான் இருந்தது.

"இருபது இருந்தா ஒண்ணும் பிரச்சனை இல்ல" என்றார்.

எழில் வகுப்பில் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. என் வேலைக்காக இங்கேயே இருங்கள் என்று பதினெட்டு வயதுப் பிள்ளைகளிடம் கேட்பது அவளுக்குப் பிடிக்கவில்லை. பாடம் பிடித்தால் இருக்கட்டும் என்று நினைத்தாள். பாடம் பிடிக்கவேண்டும் என்றால் வகுப்பை விட்டு வெளியே கூட்டிப்போக வேண்டும் என்றும் நினைத்தாள்.

ஜூலை மாதப் பௌர்ணமி இருபத்தொன்பதாம் தேதி வந்தது. மலையைச் சுற்றிப் பதினான்கு கிலோமீட்டர் கிரிவலப் பாதை. அன்றைக்குச் சுற்ற வருபவர்கள் எத்தனை பேர், எந்த ஊர், எதற்காக வந்தார்கள் என்று கணக்கெடுப்பதுதான் களப்பணி. இருபத்து மூன்று பேரையும் நான்கு குழுக்களாகப் பிரித்தாள். ஒரு குழு இந்திர லிங்கத்திலிருந்து, ஒன்று எம லிங்கத்திலிருந்து, ஒன்று வருண லிங்கத்திலிருந்து, ஒன்று குபேர லிங்கத்திலிருந்து கிளம்ப வேண்டும். 'முழுப் பாதையையும் நடக்கவும். உங்களைக் கடப்பவர்களை எண்ணவும். ஐம்பது பேருக்கு ஒருவரிடம் கேள்விகள் கேட்கவும்' என்று தாளில் எழுதிக் கொடுத்தாள். தாள்களுக்கெல்லாம் முருகவேல் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டுத் தந்தான். அச்சடித்த கோடு என்று இளஞ்செழியன் நினைத்துக்கொண்டார்.

மறுநாள் காலை பத்தேகாலுக்கு ஆசிரியர் அறையில் அமர்ந்து எழில் தாள்களைப் பிரித்தாள்.

முதல் குழு பையன்கள். வேகமாக நடப்பவர்கள். நாலாயிரத்து நூற்றுப் பதினெட்டுப் பேரைக் கடந்ததாக எழுதியிருந்தார்கள். இரண்டாவது குழு வழியெங்கும் சுண்டல், வேர்க்கடலை, கண்ணாடி வளையல் என்று நின்று நின்று போனவர்கள். ஐயாயிரத்துத் தொள்ளாயிரத்து ஏழு பேர் தங்களைக் கடந்து போனதாக எழுதியிருந்தார்கள். மூன்றாவது குழு ஓவியாவின் குழு. ஓவியா வகுப்பிலேயே சிரத்தையானவள். நிற்காமல், ஓடாமல், சொன்னபடி நடந்தவள். அவள் தாளில் இருந்த எண்ணிக்கை அறுபத்து மூன்று. நான்காவது குழுவின் தாள் பதினொரு மணியோடு நின்றுபோயிருந்தது. காரணம் என்ற கட்டத்தில் 'அன்னதானம்' என்று இருந்தது.

எழில் அறுபத்து மூன்றை நெடுநேரம் பார்த்தாள். ஓவியா பொய் எழுத மாட்டாள். பிறகுதான் புரிந்தது. கூட்டத்தின் வேகத்தில், கூட்டத்தோடு, கூட்டம் போகும் திசையிலேயே நடந்தால் பக்கத்தில் வருபவர்கள் கடைசிவரை பக்கத்திலேயே வருவார்கள். மலையைச் சுற்றியவர்கள் எத்தனை பேர் என்று கேட்டால் மாணவர்கள் தங்கள் நடையின் வேகத்தை எண்ணிக்கொண்டு வந்திருக்கிறார்கள். எண்ண வேண்டும் என்றால் ஓரிடத்தில் நிற்க வேண்டும். இல்லையென்றால் எதிர்த்திசையில் நடக்க வேண்டும்.

எதிர்த்திசை என்று ஒன்று இருப்பதே திட்டம் போட்டபோது அவளுக்குத் தோன்றவில்லை. அந்தப் பாதையில் நடந்தால் மலை வலக்கைப் பக்கம் இருக்கும். அவளுக்கு நடக்கத் தெரிந்த நாளிலிருந்து அப்படித்தான் இருக்கிறது. வேறு ஊரில் பிறந்த ஆசிரியர் யாராவது இருந்திருந்தால் பாதிப் பேரை இடமாக அனுப்பியிருப்பார், எண்ணிக்கையும் சரியாக வந்திருக்கும், அடுத்த நாள் பெற்றோர்களும் சண்டைக்கு வந்திருப்பார்கள்.

இளஞ்செழியன் தாள்களைப் பார்த்தார். இந்த முறை மின்விசிறியைத் தொடவில்லை.

"ஏம்மா, அறுபத்து மூணு பேருதான் வந்தாங்கன்னா மோர்க் கடைக்காரன் எல்லாம் என்னா பண்ணுவான்?"

"தப்பு என்னுது சார். பசங்களுது இல்ல."

"சரி, இத யாருக்கும் காட்ட வேணாம். அடுத்த களப்பணில பாத்துக்கலாம்."

எழில் நான்கு தாள்களையும் துறை அறிவிப்புப் பலகையில் வரிசையாகக் குத்தினாள். மேலே 'ஒரே நாள், ஒரே பாதை, நான்கு எண்ணிக்கைகள். திட்டமிட்டவரின் தவறு என்ன?' என்று எழுதினாள். கீழே தன் பெயரையும் எழுதினாள்.

அந்தப் பலகையைக் கடந்து வணிகவியல் துறைக்குப் போக வேண்டும் என்பதால் கல்லூரியில் பாதிப் பேர் அதைப் படித்துவிட்டார்கள். அந்த வாரம் இரண்டு பேர் வேதியியலுக்கு மாறினார்கள். அடுத்த வாரம் ஒருவன் போனான். "எண்ணத் தெரியாத டிபார்ட்மென்ட்ல இருந்து என்னா பண்றது" என்று அவன் நடைபாதையில் சொன்னது எழில் காதிலும் விழுந்தது. வருகைப் பதிவேட்டில் இருபது பேர் மிஞ்சினார்கள்.

மிஞ்சியவர்களிடம் அவள் பலகையில் இருந்த கேள்வியையே கேட்டாள். ஓவியாதான் விடை சொன்னாள். சொல்லிவிட்டு, "அப்ப பாதிப் பேரு திருப்பி நடந்தா சரியாயிடுமா மேடம்?" என்றாள்.

"ஆயிடும். யாரு நடக்கறீங்க?"

யாரும் கை தூக்கவில்லை. ஒருவர் பின் ஒருவராக எல்லோரும் மூன்றாவது பெஞ்சில் இருந்த மெஹ்விஷைப் பார்த்தார்கள்.

"என்னா எல்லாரும் என்னையே பாக்கறீங்க?"

"இல்ல, உனக்குத்தான் இதுல ஒண்ணும்…" என்று பின்னாலிருந்து ஒருவன் இழுத்தான்.

"எங்கப்பா முப்பது வருஷமா அந்த ரோட்ல சோடா விக்கறாரு. காலைல வண்டியத் தள்ளிக்கினு போவாரு. வியாபாரம் முடிஞ்சா மிச்ச ரோடையும் சுத்திக்கினுதான் வருவாரு. ஒரு நாளும் திருப்பித் தள்ளினது இல்ல. நான் போயி திருப்பி நடக்கணுமா?"

"ஏன் சுத்திக்கிட்டு வராரு?" என்று எழில் கேட்டாள். அவளுக்கு உண்மையிலேயே தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

"கூட்டத்துல எதிர்ல தள்ளினா பாட்டில் உடையும் மேடம். அது ஒண்ணு. அப்புறம்…" மெஹ்விஷ் யோசித்தாள். "கூட்டமே இல்லாத நாள்லயும் சுத்திக்கினுதான் வராரு. ஏன்னா, பழக்கம்னுவாரு."

எழில் கரும்பலகையில் 'பழக்கம்' என்று எழுதினாள். அதன் கீழ் ஒரு கோடு போட்டாள். சாலையை யார் போட்டார்கள் என்பது ஒரு கேள்வி, அதில் எப்படி நடக்க வேண்டும் என்பதை யார் போட்டார்கள் என்பது இன்னொரு கேள்வி, இரண்டாவது கேள்விக்குத்தான் நம் பாடத்தில் மானிடம் என்ற சொல் இருக்கிறது என்றாள். பத்தொன்பது பேர் எழுதிக்கொண்டார்கள். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த வளவன் எழுதவில்லை. அவன் கையைத் தூக்கினான்.

"அப்ப நின்னுடலாம் மேடம். ஒரே எடத்துல. ரோட்ட சாக்பீஸ்ல நாலாப் பிரிச்சு, ஒரு பாகத்துக்கு ரெண்டு பேரு. நூறு பேரு போனா ஒரு புளியங்கொட்டைய இந்தப் பாக்கெட்லேர்ந்து அந்தப் பாக்கெட்ல போட்டுக்கலாம். எங்க ஊர்ல மல்லாட்டை மூட்டைய அப்படித்தான் எண்ணுவாங்க."

வளவன் கீழ்பென்னாத்தூருக்கு அப்பால் ஒரு கிராமம். அப்பா மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பயிர் செய்கிறார். வகுப்பில் அவன் பேசியது அதுதான் முதல் முறை. எழில் அவன் சொன்னதை அப்படியே திட்டமாக எழுதி, தலைப்பில் அவன் பெயரையும் போட்டாள்.

அடுத்த பௌர்ணமி ஆகஸ்ட் கடைசி வெள்ளிக்கிழமையே வந்தது. துறை மாறுவதற்குக் கடைசி நாளும் அதுதான். எழில் நாட்காட்டியை இரண்டு முறை பார்த்தாள். இருபது என்றால் இருபதுதான், அதில் ஒன்றைக்கூடக் குறைக்க முடியாது என்பது அவளுக்கும் முருகவேலுக்கும் தெரியும். முருகவேல் அந்த வாரம் பேருந்து நிலையத்தில் பாடத்தைப் பற்றி யாருக்கும் விளக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு இருபது பேரும் சாந்த் பாஷாவின் சோடா வண்டிக்குப் பக்கத்தில் கூடினார்கள். மெஹ்விஷின் அப்பா அவர். செங்கம் சாலையை விட்டுப் பாதை வலப்பக்கம் பிரிந்த பிறகு, ஊரிலிருந்து நாலரை கிலோமீட்டரில், ஒரு புங்கமரத்தடியில் அவருடைய வண்டி நிற்கும். ஓவியா அவரிடமும் தாளை நீட்டினாள்.

"எங்கேர்ந்து வரீங்க?"

"வீட்லேர்ந்து."

"எந்த ஊருன்னு கேக்கறேன் பாய்."

"இதே ஊருதான். எங்க தாத்தா காலத்துலேர்ந்து."

"ஏன் இந்த எடத்துல கடை போட்டிருக்கீங்க?"

"வீட்லேர்ந்து எடுத்தாற தண்ணி பாட்டிலு இங்கதான் காலியாவும். இன்னும் ஒரு கிலோமீட்டர் போனா தர்மத்துக்கு மோர் ஊத்தறாங்க. நடுவுல நான்."

ஓவியா இதை எழுதுவதற்குள் அவர் நான்கு சோடா உடைத்துவிட்டார்.

கணக்கெடுப்பு நன்றாக நடந்தது. சாக்பீஸ் கோடு கால்மணி நேரத்தில் அழிந்துபோனாலும், அதற்குள் எண்ணுபவர்களுக்குத் தங்கள் பாகம் மனப்பாடமாகிவிட்டது. ஒன்பதிலிருந்து பத்துக்குள் இரண்டாயிரத்து எண்ணூற்று நாற்பது பேர். பத்திலிருந்து பதினொன்றுக்குள் மூவாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு பேர். கேள்வி கேட்கப்பட்டவர்களில் பத்துக்கு நான்கு பேர் தெலுங்கு பேசினார்கள். மெஹ்விஷுக்குத் தெலுங்கு வந்ததால் அந்த வேலை அவள் தலையில் விழுந்தது. "எதற்காக வந்தீர்கள்" என்ற கேள்விக்கு வேண்டுதல், கல்யாணம், குழந்தை, வழக்கு என்று பதில்கள் வந்தன. "மாமியார் வரலைன்னாங்க, அதான் வந்தேன்" என்றும் ஒருவர் சொன்னார். எந்தக் கட்டத்தில் போடுவது என்று ஓவியா வந்து கேட்டாள். ஈர்க்கும் காரணி என்று எழில் சொன்னாள்.

மதியம் ஒரு மணிக்கு எண்ணுவது முடிந்தது. புளியங்கொட்டைகளைக் கொட்டிச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது வளவன் எழிலிடம் தனியாக வந்தான். சட்டைக்குள்ளிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தான். உறைக்குள் நான்காக மடித்த படிவம்.

"மேடம், நீங்க ஒரு கையெழுத்து போடணும்."

துறை மாறுவதற்கான விண்ணப்பம். வணிகவியல். தேதி பதினொரு நாளைக்கு முந்தையது.

"அப்பா சொன்னாரா?"

"மாமா. பேங்க் வேலைன்னா காமர்ஸ்தானாம். பதினோரு நாளா வெச்சிருக்கேன் மேடம். இன்னிக்கு கடைசி நாளாம்."

எழில் படிவத்தைச் சோடா வண்டியின் பலகையில் வைத்துப் படித்தாள். இந்தக் கையெழுத்தோடு இருபது பத்தொன்பது ஆகும் என்பது அவளுக்குத் தெரியும். அவனுக்குத் தெரியாது. யாரும் அவனிடம் சொல்லவில்லை. சொல்லலாமா என்று ஒரு சோடா திறக்கும் நேரம் யோசித்தாள். பிறகு, துறையின் பெயரை எழுதவேண்டிய இடத்தில் அவன் ஊர்ப் பெயரை எழுதியிருந்ததை அடித்துத் திருத்தினாள். இல்லாவிட்டால் அலுவலகத்தில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். கையெழுத்துப் போட்டாள். நேரத்தையும் குறித்தாள்: ஒன்று பத்து.

"நாலு மணிக்கு ஆபீஸ மூடிடுவாங்க. இப்பவே கிளம்பு."

"சரி மேடம்."

அவன் சாலையில் இறங்கிக் கூட்டம் போகும் திசையில் நடக்க ஆரம்பித்தான்.

பௌர்ணமி அன்று அந்தப் பக்கம் பஸ்ஸும் ஆட்டோவும் கிடையாது. திரும்பி நடந்தால் ஊருக்கு நாலரை கிலோமீட்டர், இரண்டேகாலுக்குப் போய்ச்சேரலாம். நேராகச் சுற்றிப் போனால் ஒன்பதரை கிலோமீட்டர். எழிலுக்கு இந்தக் கணக்கைப் போட நேரம் தேவைப்படவில்லை. ஒன்பதரை கிலோமீட்டர் நடந்து, முடிகிற இடத்தில் ஷேர் ஆட்டோ பிடித்துக் கல்லூரிக்குப் போனால் நான்கு மணி தாண்டிவிடும். அவள் அப்படியே பேசாமல் நின்றிருந்தால் போதும்.

"வளவா" என்று கூப்பிட்டாள்.

அவன் திரும்பினான்.

"இந்தப் பக்கமா போனா சீக்கிரம் போயிடலாம்."

அவன் அவள் கை காட்டிய பக்கத்தைப் பார்த்தான். சாலை முழுக்க ஆட்கள் அவனை நோக்கி வந்துகொண்டிருந்தார்கள். ஒருவர் கையில் பித்தளைச் செம்பு, இன்னொருவர் தோளில் குழந்தை.

"எப்படி மேடம் போறது?" என்றான்.

அவளும் அப்படிப் போனதில்லை. வளவன் கூட்டத்தோடு கலந்து போனான். சாந்த் பாஷா இருவரையும் பார்த்துவிட்டு, யாரும் கேட்காமலே எழில் கையில் ஒரு சோடாவைக் கொடுத்தார்.

மூன்றரைக்கு எழிலும் மற்ற மாணவர்களும் பாதையின் வடக்குப் பக்கத்தில் வந்துகொண்டிருந்தார்கள். அவர்களும் சுற்றித்தான் வந்தார்கள். வளவனை வழியில் காணவில்லை. எழில் கைபேசியை எடுத்து அலுவலக எழுத்தர் குமரேசனைக் கூப்பிட்டாள்.

"சார், ஒரு பையன் துறை மாற ஃபார்ம் எடுத்துக்கிட்டு வரான். கொஞ்சம் லேட்டாகும். நாலரை வரைக்கும் இருங்களேன்."

"எந்த டிபார்ட்மென்ட்மா?"

"எங்க டிபார்ட்மென்ட்தான்."

அந்தப் பக்கம் பதிவேடு புரட்டும் சத்தம் கேட்டது.

"உங்களுது இன்னிக்குக் காலைல இருபதுன்னு இருந்துச்சே."

"ஆமா சார்."

"தெரிஞ்சுதான் சொல்றீங்களா?"

"தெரிஞ்சுதான் சார்."

"நாலரை" என்றார் குமரேசன். "அதுக்கு மேல என் பஸ் போயிடும்."

எழில் கல்லூரிக்குள் நுழைந்தபோது மணி ஐந்தே கால். அலுவலகம் பூட்டியிருந்தது. குமரேசன் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். அவருடைய பஸ் போய்விட்டிருந்தது.

"பையன் வந்தானா சார்?"

"வந்தான். நாலு பன்னண்டுக்கு."

"வாங்கிட்டீங்களா?"

"எங்க வாங்கறது? பின்பக்கம் பூரா எழுதி வெச்சிருந்தான். கோடு, கட்டம், நம்பர். மாடுன்னுகூட எழுதியிருந்துச்சு. இத ஃபைல்ல வெக்க முடியாதுப்பா, வேற ஃபார்ம் தரேன், எழுதிக் குடுன்னேன். புது ஃபார்ம் எடுத்துக் குடுத்தேன். உங்க கையெழுத்தும் அப்புறமா வாங்கிக்கலாம்னேன்."

"எழுதினானா?"

"வாங்கிக்கினான். வாங்கிக்கினு, நீங்க எந்த ஊரு சார்னான். கீழ்பென்னாத்தூர்னேன். எவ்ளோ வருஷமா வரீங்க, ஏன் அங்கேயே இருக்கீங்க, இங்க வீடு பாக்கலையான்னு ஒரே கேள்வி. நானும் பதில் சொல்லிக்கினே இருந்தேனா, பஸ்ஸு போயிடுச்சு. அடுத்தது ஆறு மணிக்குத்தான்." குமரேசன் தேநீர்க் குவளையைக் கீழே வைத்தார். "நாலரைக்கு பூட்டினேன். ஃபார்ம் குடுக்கலியாடான்னேன். இல்ல சார்னு போயிட்டான்."

வளவன் துறை அறையில் இருந்தான். பெரிய மேசைமேல் புதுப் படிவத்தை மல்லாத்திப் போட்டு, அதன் பின்பக்கத்தில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டுக்கொண்டிருந்தான். பக்கத்தில் அவள் கையெழுத்துப் போட்ட பழைய படிவம் இருந்தது. அதன் பின்பக்கமும் நிரம்பியிருந்தது.

"என்னது இது?"

"எதிர்ல வந்தவங்க மேடம்." அவன் எழுந்து நின்றான். "போறப்ப பாத்தேன். எல்லாரும் ஒரே பக்கம் போறாங்கன்னு நாம எழுதிட்டோம். ஆனா ஒரு சிலரு எதிர்லயும் வராங்க. எழுத பேப்பர் இல்ல. அதான் இதுல எழுதினேன். அப்புறம் ஒவ்வொருத்தரையும் நிறுத்திக் கேட்டேன். அதுல லேட்டாயிடுச்சு."

எழில் பழைய தாளைக் கையில் எடுத்தாள். பால்காரர் ஒருவர். பள்ளிச் சீருடையில் இரண்டு பெண்கள். ரேஷன் அரிசி மூட்டையோடு ஒருவர். பணி மாற்றிக்கொள்ளப் போகும் காவலர்கள் மூன்று பேர். குப்பை வண்டித் தொழிலாளர்கள் நான்கு பேர். மருந்துக் கடைக்குப் போகும் ஒருவர். புல்கட்டோடு ஒரு அம்மாள். விடுதியில் பாத்திரம் தேய்க்கப் போகும் ஒரு பெண். மொத்தம் பதினான்கு பேர். மாடுகள் தனியாக.

"பதினாலு பேரும் அந்த ரோட்லயே குடியிருக்கறவங்க, இல்லன்னா அங்க வேலை செய்யறவங்க மேடம். ஒருத்தர்கூட வெளியூர் இல்ல. திருப்பி நடக்கறது தப்பில்லையான்னு புல்லுக்கட்டு அம்மாவக் கேட்டேன். என் வீடு அந்தப் பக்கம்தான்டா இருக்குது, வேற எப்படிப் போறதுன்னாங்க."

"நானும் இந்த ஊருதான்" என்றாள் எழில். "நான் ஒரு தடவைகூட அப்படி நடந்தது இல்லையே."

வளவன் ஸ்கேலை மேசைமேல் வைத்தான்.

"நீங்க அந்த ரோட்டுக்கு வர்றப்ப வெளியூர்க்காரங்க மாதிரி வரீங்க மேடம்."

எழில் நாற்காலியில் உட்கார்ந்தாள். காலையிலிருந்து அதுதான் அவள் முதலில் உட்கார்ந்தது.

"மாமாகிட்ட என்னா சொல்லுவ?"

"ஆபீஸ் மூடிட்டாங்கன்னு."

"மூடலையே. உனக்காகத்தான் தொறந்து வெச்சிருந்தாரு."

"தெரியும் மேடம். அவரு சொன்னாரு, நீங்க ஃபோன் பண்ணீங்கன்னு." அவன் கோடு போடுவதைத் தொடர்ந்தான். "அஞ்சாவது கட்டத்துல என்னா எழுதறது மேடம்? காரணம்னு போட்டா மாட்டுக்குச் சரியா வரல."

அவள் எழுந்து போய் அவன் பக்கத்தில் நின்றாள். மாட்டுக்குத் தனி அட்டவணை போடச் சொன்னாள்.

அன்று ஆறு நாற்பதுக்கு முருகவேல் பேருந்து நிலையத்திலிருந்து கூப்பிட்டான். பின்னால் வண்டிகள் ஹாரன் அடிக்கும் சத்தம்.

"எத்தனை?" என்றான். வேறெதுவும் கேட்கவில்லை.

"இருபது" என்றாள் எழில். வளவன் எழுதிவந்த பதினான்கு பேரைப் பற்றியும் சொன்னாள்.

முருகவேல் சரி என்று சொல்லி வைத்தான். பிறகு, செங்கம் வண்டி ஆறு நிமிடம் தாமதம் என்று எழுதினான். அந்த வண்டியின் கண்டக்டர் கீழே இறங்கியதும், மனிதர்கள் எதிர்த்திசையில் ஏன் நடக்கிறார்கள் என்று அவரிடம் விளக்க ஆரம்பித்தான். வண்டி மேலும் நான்கு நிமிடம் தாமதமாகக் கிளம்பியது. அதையும் எழுதினான்.